கோப்பி போய்த் தேயிலை வந்த கதை



சில வாரங்களுக்கு முன் ஓர் இளைஞரும் அவருடைய தாய்மாமனும் என் இல்லத்துக்கு வந்திருந்தனர். இளைஞர் அரசாங்க அலுவலகமொன்றில் இலிகிதர். மாதம் தவறாத சம்பளம், முடிவில் ஓய்வூதியம். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் பட்டறையொன்றைச் சொந்தமாகத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"துணிந்தவனுக்குத் துக்கமில்லை ஐயா" என்றார் அவர்.

"ஆழம் அறியாமற் காலை விடாதே என்றும் பெரியோர் சொல்லியிருக்கிறார்கள், தம்பி" என்றார் தாய்மாமன்.

சொல்லிவிட்டு இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். பழமொழிகளிடம் தீர்ப்புக் கேட்பதில் உள்ள சங்கடம் இதுதான். வாதிக்கும் ஒரு பழமொழி உண்டு. பிரதிவாதிக்கும் ஒன்று உண்டு. ஆதலால் நான் பழமொழி எதனையும் சொல்லாமல், நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு மாற்றத்தின் வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். அதனையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

மலைநாட்டுக்குச் செல்லும் புகையிரதத்தில் அமர்ந்து, இருமருங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் கிடக்கும் தேயிலையைக் காண்போர், அஃது அம்மலைகளோடு பிறந்ததென்றே எண்ணுவர். அஃது அவ்வாறன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தச் சரிவுகளில் நின்றது கோப்பி. 1830களிற் பெருகத் தொடங்கிய கோப்பிப் பயிர், 1840களில் ஒரு பேராசைக் காலத்தையும், அப்பத்தாண்டின் இறுதியில் ஒரு பெருவீழ்ச்சியையும் கண்டு, மீண்டும் தலை நிமிர்ந்தது. 1870ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஆண்டுதோறும் இத்தீவிலிருந்து கப்பலேறியது. அரசாங்கத்தின் வருமானமும், கொழும்பு வணிகரின் செல்வமும், வங்கிகளின் கடனும் அந்த ஒரு செடியையே பற்றி நின்றன. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டதும் கோப்பி மூட்டைகளைக் கருதியே. அப்பாதை கண்டியை எட்டிய ஆண்டு 1867.

அதே 1867ஆம் ஆண்டிலேதான், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்ட மலைப்பகுதியில், லூல்கந்துர என்னும் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை நட்டார். இந்த ஆண்டுப் பொருத்தத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கோப்பிக்கு அப்போது ஒரு குறையும் நேரவில்லை. நோய் வந்தபின் மருந்து தேடியவரல்லர் டெயிலர்.

இவர் ஸ்கொத்லாந்திற் பிறந்து, 16 வயதிற் கப்பலேறி, 1852இல் இங்கு வந்தவர். பின்னர் தாய்நாட்டுக்குத் திரும்பியதேயில்லை. தோட்டம் அவருடையதன்று; அவர் சம்பளம் பெற்ற துரை. நிலமும் பணமும் பிறருடையன. ஆதலின், 'தன்னந்தனியாக ஒருவர் தம் உடைமையெல்லாம் பணயம் வைத்துத் தேயிலை நட்டார்' என்று சிலர் சொல்லும் கதையை நான் ஏற்பதில்லை. தோட்டத்துரைமார் சங்கம் ஏற்கெனவே ஒருவரை அசாமுக்கு அனுப்பித் தேயிலை பற்றி அறிக்கை பெற்றிருந்தது. பேராதனைப் பூங்காவுக்கு 1839ஆம் ஆண்டிலேயே அசாம் தேயிலை விதை வந்திருந்தது. டெயிலருக்கு முன்னும் சிலர் தேயிலையை நட்டுப் பார்த்து விட்டுவிட்டனர். அவருடைய பெருமை நட்டதில் இல்லை, விடாதிருந்ததில் இருக்கின்றது.

அவர் செய்த வேலையைக் கேளுங்கள். தொழிற்சாலை என்று ஒன்றும் கிடையாது. அவருடைய பங்களா விறாந்தையே தொழிற்சாலை. மேசைகளின்மேற் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கையை அழுத்தி ஆட்கள் உருட்டினர். களிமண் அடுப்பில் மரக்கரி நெருப்பிட்டு, கம்பித் தட்டுகளில் அதனை உலர்த்தினர். 1872இல் உருட்டுவதற்கென ஓர் இயந்திரமும், ஒழுங்கான ஒரு தொழிற்சாலையும் அமைந்தன. 1873இல் இலண்டனுக்குச் சென்ற அவருடைய தேயிலை எவ்வளவு தெரியுமா? 23 இறாத்தல். ஒரு சிறுவன் தலையிற் சுமக்கக்கூடிய சுமை! 1874இல் அவர் இரு வாரம் ஓய்வெடுத்துக்கொண்டு டார்ஜிலிங் சென்றார். தம் வாழ்நாளில் அவர் எடுத்த ஓய்வு அதுவொன்றே என்பர். அங்கேயும் அவர் பார்த்தது தேயிலையைத்தான்.

இனிக் கோப்பிக்கு வருவோம். 1869ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி தூவினாற்போன்ற புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண ஆராய்ச்சியில் வல்லவரான பேர்க்லி அதனை ஆராய்ந்து, முன்னறிந்த எவ்வினத்திலும் அடங்காத புதியதொன்றெனக் கண்டு, ஹெமிலியா வாஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். வாஸ்ராற்றிக்ஸ் என்றால் பாழாக்குவது என்று பொருள். துரைமார் அப்பெயரின் முதற்பாதியை எமிலி என்று திரித்து, ஒரு பெண்ணைக் கேலி செய்வதுபோல் அந்நோயைக் கேலி செய்தனர். அப்போது அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

அந்நோய் செடியை ஒரே நாளிற் கொல்வதில்லை. இலைகளை உதிர்க்கும், செடி மீண்டும் துளிர்க்கும், அடுத்த மழையில் மீண்டும் உதிரும். ஒவ்வொரு முறையும் செடி சிறிது மெலியும், காய்ப்புச் சிறிது குறையும். துளிர்க்கும்போதெல்லாம் துரைக்கு நம்பிக்கையும் துளிர்க்கும். இது மழைக்குற்றம் என்றனர் சிலர். எருக்குறை என்றனர் சிலர். மண் களைத்துவிட்டது என்றனர் சிலர். இதற்கிடையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1870களில் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறிற்று. ஏக்கருக்குக் கிடைக்கும் காய் பாதியாகக் குறைந்தபோதிலும், கைக்கு வரும் பணம் குறைந்ததாகத் தோன்றவில்லை. அதனால் அவர்கள் செய்தது யாது? திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் மேலும் காடழித்துக் கோப்பியே நட்டனர்! நோய் கண்ட ஒன்பது ஆண்டுகளின்பின், 1878இல், கோப்பிப் பரப்பு ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கராக உயர்ந்திருந்தது.

இந்த இடத்தில் அந்த இளைஞர் குறுக்கிட்டு, "அவர்களும் துணிந்துதானே ஐயா நட்டார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கடன் வாங்கிக் காடழித்தது துணிவில்லையென்று யார் சொல்வது? ஆனால் அந்தத் துணிவு முழுவதும், மாறாதிருப்பதற்காகச் செலவிட்ட துணிவு. மாற்றத்துக்கு அஞ்சுவோர் எல்லோரும் கோழைகளாய் இருப்பதில்லை. பழைய வழியிலேயே நிற்பதற்காகத் தம் சொத்தையெல்லாம் ஈடுவைத்தவர்கள் அம்மலைகளிற் பலர் இருந்தனர்.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் இங்கிலாந்திலிருந்து வந்து, ஏறத்தாழ இரண்டாண்டு தங்கி அந்நோயை ஆராய்ந்தார். நோயின் வித்துக்கள் காற்றிற் பரவி இலையில் முளைப்பதை அவர் தெளிவாகக் காட்டினார். இடைவெளியின்றி மலைமுழுதும் ஒரே செடியை நட்டதே அப்பரவலுக்கு வாய்ப்பாயிற்று என்றும் எடுத்துரைத்தார். துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவரிடம் மருந்தில்லை. அவர் உண்மையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிச் சென்றார்.

கோப்பி இனி நில்லாது என்று தெளிந்தபோது பெரும்பாலோர் உடனே தேயிலைக்குத் தாவினர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் முதலில் தாவியது சிங்கோனாவுக்கு. காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா அதன் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. 1861ஆம் ஆண்டிலிருந்து ஹக்கலைப் பூங்காவில் அம்மரம் வளர்க்கப்பட்டு வந்தது. பட்டைக்கு அப்போது நல்ல விலை. ஒருவர் நட்டு இலாபங்கண்டார் என்று கேள்விப்பட்டு அடுத்தவர் நட்டார்; அவரைப் பார்த்து மலைமுழுதும் நட்டது. 1880களின் நடுவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஓராண்டில் ஏற்றுமதியாயிற்று. அவ்வளவு பட்டையை உலகத்துக் காய்ச்சலெல்லாம் கூடினாலும் கொள்ளாது. விலை சரிந்தது. யாவாத் தீவில் ஒல்லாந்தர் வளர்த்த உயர்ந்த இனத்துப் பட்டையோடு போட்டியிடவும் இயலவில்லை. கோப்பியை விட்டவர்களிற் பலர் சிங்கோனாவோடு மூழ்கினர். இவர்களும் மாறியவர்களே, மாற்றத்தைத் தழுவியவர்களே. அவ்வாறிருந்தும் அவர்கள் கரையேறவில்லை. மாறு மாறு என்று மட்டும் உபதேசிப்போர் சிங்கோனாவின் கதையையும் படிக்க வேண்டும்.

1884ஆம் ஆண்டு மே மாதத்தில், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒறியண்டல் வங்கி கதவடைத்தது. அந்நாளில் நாணயத் தாள்களை வெளியிட்டவை வங்கிகளே. கையிலிருந்த தாள் வெறுங்காகிதமாகிவிடுமோ என்று நாடே நடுங்கியது. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்துக் குழப்பத்தை அடக்கினார். அடுத்த ஆண்டு தொடக்கம் அரசாங்கமே நாணயத் தாள் வெளியிடலாயிற்று. அந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டது கோப்பி இலையின் அடிப்புறத்து மஞ்சட்பொடி என்பதை எத்தனை பேர் அறிவர்? பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகளைச் சீவி, இங்கிலாந்துக்குத் தேநீர் மேசைக் கால்களாக அனுப்பினார்கள் என்றும் ஒரு செய்தி சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அக்காலத்தை அறிந்தோர் உதட்டில் அது கசப்போடுதான் வந்திருக்கும்.

அந்நிலையிற் கண்கள் லூல்கந்துரவை நோக்கித் திரும்பின. அங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலை நின்றது. எந்த உயரத்தில் எப்படி வளரும், எத்தனை நாளுக்கொருமுறை கொழுந்து எடுக்கலாம், எவ்வாறு கவ்வாத்து வெட்ட வேண்டும், எவ்வளவு நேரம் வாடவைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கே இருந்தது. அந்த 19 ஏக்கர் நட்டமாய் முடிந்திருந்தாலும் தோட்டம் மூழ்கியிராது; கோப்பியின் வருமானம் அதனைத் தாங்கியிருக்கும். பசி வந்தபின் அப்படி ஆறுதலாகப் பரீட்சை செய்ய இயலாது. 1875இல் இத்தீவிலே தேயிலை நின்ற நிலம் ஏறத்தாழ 1,000 ஏக்கர். 1900இல் அது மூன்றே முக்கால் இலட்சம் ஏக்கருக்கு மேல். உலகத்துப் பயிர்த்தொழில் வரலாற்றில் இத்துணை விரைவான மாற்றங்கள் மிகச் சிலவே.

ஆனால் ஒரு செடியைப் பிடுங்கி இன்னொரு செடியை நடுவதோடு அம்மாற்றம் முடியவில்லை. கோப்பி ஆண்டில் ஒரு பருவத்திற் பறிக்கப்படுவது. பறித்த பழத்தைத் தோல் நீக்கிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். தேயிலைக் கொழுந்தோ ஏழெட்டு நாளுக்கொருமுறை ஆண்டு முழுதும் எடுக்கப்பட வேண்டியது. எடுத்த கொழுந்து காத்திருக்காது; வாடவைத்து, உருட்டி, பதமாக்கி, உலர்த்தும் வேலைகள் அங்கேயே உடனே நடைபெற வேண்டும். ஆகவே மலைதோறும் தொழிற்சாலையும் இயந்திரமும் வேண்டியனவாயின. அதற்குப் பெருமுதல் வேண்டும். சிறு தோட்டக்காரர் நிலத்தை விற்றுவிட்டு மலாயாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். அவர்கள் விட்ட இடத்திற் கம்பனிகள் வந்தன. முற்றத்திற் கோப்பி வளர்த்து நாலு காசு கண்ட கண்டிச் சிங்களக் கிராமத்தவரோ அந்தக் காசையும் இழந்தனர். நெல்வரி செலுத்த வழியின்றி வலப்பனைப் பகுதியில் வயலையே இழந்தவர் பலர். தேயிலையின் வெற்றிக்கணக்கில் அவர்கள் பெயர் எழுதப்படுவதில்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்திலே திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரோடு தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை நோக்கி நாட்கணக்கில் நடந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தவர்களைச் சரியாக எண்ணி வைத்தவர் எவருமில்லை. கோப்பிப் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பி நெல் அறுவடைக்குச் சேர்ந்துகொள்வார்கள். ஊரில் ஒரு குடிசை, மலையில் ஒரு பருவம். இவ்வாறு இரு காலில் நின்ற வாழ்க்கை அது. கோப்பி வீழ்ந்தபோது தோட்டங்களில் அவர்களுடைய சம்பளம் மாதக்கணக்காக நிலுவையில் நின்றது. துரைக்கு வங்கி கடன் கொடுத்தது. வங்கிக்கு அரசாங்கம் பொறுப்பேற்றது. தொழிலாளிக்குக் கங்காணியின் கடன்துண்டுதான் மிஞ்சியது.

தேயிலை வந்தபோது அவர்கள் வாழ்க்கையே புரண்டது. ஆண்டு முழுதும் வேலை என்றால் ஆண்டு முழுதும் அங்கேயே இருக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பத்தோடு வந்தார்கள். லயத்தில் ஓர் அறையிற் குடியேறினார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஊரிலிருந்த குடிசை மெல்ல மெல்ல வெறும் பெயராயிற்று. இதனைவிடப் பெரிய துணிவு அந்த வரலாற்றில் யாருடையது? துரை தோற்றால் மலாயாவுக்குக் கப்பலேறலாம். கம்பனி தோற்றால் பங்குதாரருக்குப் பணம் போகும். இவர்கள் பணயம் வைத்தது தங்கள் ஊரை. துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. அதன்பின்னும் தொல்லை தீரவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் எந்நாட்டவரும் அல்லாதவராயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சியோர் பிறகு பார்க்கப்படுவர் என்றும் பிரிக்கப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சி நின்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். தேயிலையை நம்பி ஊரை விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் அதுவரை அந்தத் துணிவின் கடன் தீராமலே இருந்தது.

டெயிலரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1892ஆம் ஆண்டில், நாற்பது ஆண்டுகள் தாம் வளர்த்த தோட்டத்தைவிட்டு விலகுமாறு அவருக்குக் கட்டளை வந்தது. அவர் விலக மறுத்தார். அந்த மே மாதத்திலேயே வயிற்றுநோயால் அங்கேயே இறந்தார். இரு தொகுதியாகப் பிரிந்த 24 ஆட்கள் நான்கு மைலுக்கொருமுறை தோள்மாற்றி அவருடைய உடலைக் கண்டிக்குச் சுமந்து சென்றார்களென்றும், கங்காணிமாரும் தொழிலாளரும் 'சாமித் துரை' என்று சொல்லியவாறு பின்னே நடந்தார்களென்றும் அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. தேயிலையால் அவர் செல்வர் ஆகவில்லை.

இவ்வளவையும் கேட்டு முடித்தபின் தாய்மாமன் மருமகனைப் பார்த்து, "அது சரி தம்பி, உன்னுடைய 19 ஏக்கர் எங்கே?" என்று கேட்டார்.

இளைஞர் சற்று நாணத்தோடு, வீட்டுப் பின்புறத்துக் கொட்டிலில் இரண்டு ஆண்டுகளாக, மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இயந்திரங்களைத் திருத்தி வருவதாகவும், அயலூர்க் கமக்காரர்கள்கூடத் தேடி வருவதாகவும் சொன்னார். அம்மானுக்கு இது புதுச்செய்தி. அவர் முகம் சிறிது மலர்ந்தது.

"பட்டறைக்கு வேண்டிய முதல்?" என்று நான் வினவினேன்.

"வங்கியில் இருக்கிறது ஐயா. தங்கையின் சீதனத்துக்கென்று அப்பா போட்டுவைத்த பணம்."

"அவளைக் கேட்டீரா?"

கேட்கவில்லை. அந்த எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அம்மானும் அதனைக் கேட்டாரில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கையோடு பேசிவிட்டு மறுபடியும் வருவதாகச் சொல்லி இருவரும் எழுந்து சென்றனர். இன்னும் வரவில்லை.